வெளியோரம் மட்டும் தேய்கிற டயர்

ஜெனிட்டா அனுப்பிய படம் போனில் வந்து விழுந்தபோது நான் காந்திபுரத்தில் தட்டுக் காளான் தின்றுகொண்டிருந்தேன். ஒரு டயரின் படம். உள்பக்கப் பாதி புத்தம் புதுசு, அதில் துருத்தும் ரப்பர் முடிகூட உதிரவில்லை. வெளிப்பக்கப் பாதி மொட்டை. ஓரத்தில் கம்பி பல்லைக் காட்டியது. ஒரே டயரில் பச்சைப் பிள்ளையும் பல் போன கிழவனும்! கரண்டி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிட்டது.

உடனே கூப்பிட்டேன். "எப்ப மாட்டினது?"

"கிறிஸ்மஸ் கழிச்சு. தவக்காலம் இன்னும் முடியல, அதுக்குள்ள இப்படி. ரெண்டு முன் டயரும் இதே கதிதான். இதுக்கு முன்னால போட்ட ஜோடியும் இப்படித்தான் போச்சு. தூத்துக்குடில அலைன்மென்ட் பாத்தாச்சு, திரும்பவும் தேயுது. அம்மா மாமாகிட்ட இருந்து சாவியப் பிடுங்கப் போறா. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் ஏரல்ல இருந்து புது டிரைவர் வாரான்."

ஜெனிட்டா என்னோடு கோவையில் பொறியியல் படித்தவள். ஊர், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம். அவள் அம்மா லூர்தம்மா மீன் வியாபாரி. அந்த வண்டி பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப், வேண்டும்போது நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வகை. துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் கரைக்கு வரும் வள்ளங்களை மணலில் இழுத்து ஏற்றுவது அதன் முதல் வேலை. பிறகு மீனை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போக வேண்டும். ஓட்டுவது லூர்தம்மாவின் தம்பி சகாயம். முன்பு கடலுக்குப் போனவர். வள்ளம் கவிழ்ந்து உயிர் தப்பி வந்த பிறகு கடலில் கால் வைத்ததில்லை. சாவி போனால் மறுபடி கடல்தான், கரையில் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

வாளையார் பக்கம் சேற்றில் ஜீப் இறக்கி விளையாடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருக்க? காளான் தட்டை வைப்பதற்குள் "நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

வியாழன் காலையில் தூத்துக்குடியில் இறங்கினேன். முதலில் அறைந்தது காற்று. எங்கள் ஊர்க் காற்று தடவிக்கொடுக்கும். இங்கே உப்பும் நிலக்கரித் தூசும் கலந்து கன்னத்தில் போடுகிறது. கடைக்காரர் ஒருவர் மக்ரூன் ஒன்றை எடுத்து நீட்டி, "தின்னு பாத்துட்டு வாங்கு பிள்ள" என்றார். முதல் ஆளே ஒருமையில்! "ஏனுங்க, சாப்பிடுங்க" என்று வளர்ந்த காது திடுக்கிட்டது. வாயில் போட்டதும் மக்ரூன் கரைந்து காணாமல் போனது இரண்டாவது திடுக்கிடல். ஒரு பொட்டலம் வாங்கினேன். ஊர் போய்ச் சேரும்போது அதில் தூள்தான் மிச்சம்.

திருச்செந்தூர் பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே ஒரு காற்றாலை இறக்கை! எங்கள் பல்லடம் பக்கம் அது வானத்தில் சுற்றிப் பார்த்திருக்கிறேன். தரையில் படுத்துக்கொண்டு, நீள லாரியில் ஏறி, துறைமுகத்துக்குத் திரும்ப முடியாமல் ஒரு டீக்கடையின் கூரையை முட்டிக்கொண்டு நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன். டீக்கடைக்காரர் கூரைக்கு அடியிலிருந்தே கத்தினார்: "ஏலே, இன்னும் ஒரு சாண் வந்தேன்னா அந்த விசிறிய எங்கடையிலயே மாட்டிருவேன்!" பஸ்ஸில் ஒருவர்கூடப் பதறவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே, "வாரத்துக்கு ரெண்டு வாட்டி இப்படித்தான்" என்றார்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது பகல் சாய்ந்திருந்தது. ஒரு தட்டில் சோறும் சாளை மீன் குழம்பும் வைத்துவிட்டு லூர்தம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"அவன் டயர ஓட்டல, தின்னுதான். நீயே பாத்துச் சொல்லு."

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. பச்சை நிறம், கதவோரமெல்லாம் துரு. முன் பம்பரின் நடுவில் இழுவைக் கொக்கி, அதற்கு மேலே பற்றவைத்த எஃகுப் பீடம், பீடத்தின்மேல் கண்ணாடிக் கூடு, உள்ளே நீல அங்கியில் மாதா, கழுத்தில் அன்றைக்குக் கட்டிய மல்லிகைச் சரம். சகாயம் மாமா பக்கத்தில் கையைக் கட்டி நின்றார். ஒல்லி, ஐம்பதை நெருங்கிய வயது. பேச்சு வராதவர் மாதிரி முகம்.

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வண்டிக்குள் கியருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் போடும் கம்பியைப் பார்த்ததுமே தீர்ப்பு வாயில் வந்துவிட்டது. "மணல்ல ஃபோர் வீல் போட்டுட்டு, தார் ரோட்டுக்கு வந்ததும் எடுக்காம ஓட்டினா முன் டயர் இப்படித்தான் போகும். வளைவுல நாலு சக்கரமும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கும்."

லூர்தம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? கோயம்புத்தூர் பிள்ளையே சொல்லிட்டு."

மாமா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெனிட்டா என் கையைக் கிள்ளினாள். அப்போதுதான் உறைத்தது: வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, யாரைக் காப்பாற்ற வந்தேனோ அவர் தலையில் நானே ஒரு கல்லைப் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது வள்ளங்கள் கரையேறி, மீன் பெட்டிகள் வண்டியில் ஏறியாகிவிட்டது. காலை இட்லிக்கு மீன் குழம்பு. எங்கள் வீட்டில் காலையில் மீன் என்று சொன்னாலே அம்மா ஜன்னலைத் திறந்துவிடுவார். நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன். பிறகு மாமாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், தூத்துக்குடிச் சந்தைக்கு. வழியெல்லாம் ஒரே சிரிப்பு.

மணல் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கி இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் உள்ள, இழுவையை விடுவிக்கும் குமிழைத் திருகினார். ஏறி, ஃபோர் வீல் கம்பியைத் தள்ளிவிட்டு, அது சரியாக விழுந்ததா என்று கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் தாரில் ஏற்றினார்.

"தினமும் இப்படியா மாமா?"

"பின்ன? ரோட்டுல ஃபோர் வீலு போட்டா வண்டி முக்குமே, தெரியாதா?"

என் முகத்தில் எண்ணெய் ஊற்றினால் அப்பளம் பொரிந்திருக்கும். நேற்றே அதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ படிச்ச பிள்ள, விருந்தாளி வேற. வந்த அன்னைக்கே எதுத்துப் பேசவா?" என்றார்.

முக்காணியில் ஆற்றுப் பாலம் தாண்டி, பழையகாயல் தாண்டி, உப்பளங்கள் வந்தன. இருபுறமும் வெள்ளைக் குவியல்கள், கண் கூசியது. நேர்ச்சாலை. ஆனால் ஸ்டீரிங் நேராக நிற்கவில்லை. மாமாவின் கை அதைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருந்தது, அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல. பின்னால் ஒரு பெண் உரக்கக் கேட்டாள்: "ஏ சகாயம், புது டிரைவரு பாட்டு போடுவானா?" இன்னொருத்தி, "பாட்டு கிடக்கட்டும், இவன மாதிரி வாசல்லயே இறக்கிவிடுவானா?" என்றாள். மாமா காதில் விழாத மாதிரி ஓட்டினார்.

திரும்பி வந்ததும் வேலையில் இறங்கினேன். காற்று குறைவாக ஓட்டினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். இங்கே வெளியோரம் மட்டும்தான், ஆக அது இல்லை. டயரை உள்ளங்கையால் தடவினேன். வெளியிலிருந்து உள்ளே தடவினால் வழவழ. உள்ளிருந்து வெளியே தடவினால் அரம், தோலை உரித்துவிட்டது. அப்படியென்றால் இரண்டு சக்கரமும் மூக்கை உள்நோக்கி வைத்துக்கொண்டு ஓடுகின்றன. கால் விரல்களை உள்ளே திருப்பி நடக்கிறவனுக்குச் செருப்பின் வெளியோரம் தேயுமில்லையா, அதேதான்.

அளக்கக் கருவி இல்லை. ஜெனிட்டா தூண்டில் போடும் தங்கூசி நூலைக் கொண்டுவந்தாள். டயர்களில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு, முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் நூலில் முடிச்சுப் போட்டு ஒப்பிட்டோம். முன்னும் பின்னும் ஒரு தீக்குச்சிக் கனம் வித்தியாசம் இருக்கலாம். இங்கே கட்டைவிரல் அகலம்! இதிலா பன்னிரண்டு பெண்களோடு போய்விட்டு வந்தோம்?

இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிப்பது டை ராடு என்கிற நீளக் கம்பி. இந்த வண்டியில் அது அச்சுக்கு முன்னால், பம்பருக்குக் கீழே ஓடுகிறது. மணலும் துருவும் அப்பிக் கிடந்தது. லேசாக வளைந்த மாதிரியும் தெரிந்தது. சில வண்டிகளில் அதை வளைத்துத்தான் செய்வார்கள், இதுவும் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். கம்பி முனையைத் திருகித் திருகி நீளத்தைச் சரிசெய்து, தங்கூசி தீக்குச்சிக் கனத்துக்கு வந்ததும் எழுந்தேன். உடம்பெல்லாம் மணல். லூர்தம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தூத்துக்குடிக்காரனும் இப்படித்தான் முறுக்கினான். பாப்போம்" என்றார்.

சனிக்கிழமை நான் குசினியில் தோசை தின்றுகொண்டிருக்கும்போது முதல் வள்ளத்தை இழுத்துவிட்டு வண்டி வந்து நின்றது. சும்மா ஒரு பெருமைக்குத்தான் தங்கூசியை எடுத்துக்கொண்டு போனேன். பிடித்துப் பார்த்தேன். நம்பாமல் மறுபடி பிடித்தேன். அளவு அரை விரல் அகலம் மாறிவிட்டிருந்தது!

நேற்று சாயங்காலம் சரிசெய்தது. இரவெல்லாம் வண்டி மரத்தடியில். காலையில் கரைக்குப் போய் வந்தது, அவ்வளவுதான். தார் ரோட்டையே இன்னும் தொடவில்லை. பேய் பிடித்த வண்டியா இது?

"மாமா, அடுத்த வள்ளத்துக்கு நானும் வரேன்."

கரையில் அலை முழங்கால் உயரத்துக்கு வந்து உடைந்துகொண்டிருந்தது. மிக்கேல் என்பவரின் ஃபைபர் வள்ளம் மணலில் மூக்கை வைத்து நின்றது. நாலைந்து பேர் அது சாயாமல் இருபுறமும் தோள் கொடுத்தார்கள். மாமா வண்டியை அதன் முகம் கடலைப் பார்க்க நிறுத்தினார். வண்டி பின்னோக்கிப் போக, வள்ளம் கரையேறும். பின்பக்கம் கட்டி முன்னோக்கி இழுத்தால் என்ன என்று கேட்டேன். "பிடிச்சிருக்கவங்க காலு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாண்டாமா?" என்றார். சரியான பதில். அவர் இறங்கி நின்ற இடத்தையும் கவனித்தேன். அலை வந்து நனைக்கும் கோட்டுக்கு ஓரடி இந்தப்பக்கம். அலை நீண்டால் அவரும் பின்வாங்கினார்.

மிக்கேல் தடித்த ஈர வடத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியின் முன்னால் வந்ததும் மாதாவைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு மல்லாக்கப் படுத்து பம்பருக்குக் கீழே நுழைந்தார். நானும் குனிந்தேன்.

வடத்தை டை ராடில் கட்டிக்கொண்டிருந்தார்.

நடுக்கம்பியில், ரெண்டு சுற்று, இறுக்கி ஒரு முடிச்சு. பார்த்தது எனக்குப் புரிவதற்குள் மிக்கேல் வெளியே வர, வண்டியில் ஏறியிருந்த மாமா கியரைப் போட்டுவிட்டார். வடம் விறைத்தது. கண் முன்னால் அந்தக் கம்பி வில் மாதிரி முன்னோக்கி வளைய, இரண்டு சக்கரமும் மூக்கை உள்ளே திருப்பின.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

என் அலறலில் வள்ளத்தைப் பிடித்தவர்களே திகைத்தார்கள். ஒருவர், "என்னலே, பிள்ள கடலக் கண்டு பயந்துட்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இதுல ஏனுங்க கட்டறீங்க?"

"வேற எங்கன கட்ட?" என்றார் மிக்கேல், முதுகு மணலைத் தட்டிக்கொண்டே.

"கொக்கி இருக்குதேங்க! பம்பர் நடுவுல இவ்வளவு பெரிய கொக்கி!"

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. மிக்கேல் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கெட்ட வார்த்தை சொன்ன குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"ஏளா, அது மாதா காலடியிலல்லா இருக்கு. கவிச்சி வடத்த அங்கன போட்டா, இழுக்கும்போது அம்மா மேலேயே உரசும். எந்தப் பயலாவது செய்வானா?"

அப்போதுதான் கொக்கியைச் சரியாகப் பார்த்தேன். பூசிய கறுப்பு வண்ணம் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. மாதாவை வைத்த நாளிலிருந்து அதில் யாரும் கயிறு போட்டதே இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். அதனாலேயே யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

"மாமா, டயர் தேயுதேன்னு இத மெக்கானிக்கிட்ட சொல்லலையா?"

"எப்படி ஓட்டுதன்னு கேட்டான், சொன்னேன். எப்படிக் கட்டுதன்னு அவன் எங்க கேட்டான்?" என்றார் மாமா. "அவ்வளவு தடி இரும்பு, அது வளையுமா?"

வடத்தை அவிழ்த்து, அத்தனை பேரும் கையால் தள்ளி வள்ளத்தை ஏற்றினார்கள். வண்டியை நடைவேகத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாக்கி வைத்தோம். கம்பியைக் கழற்றித் துருவைத் தேய்த்து சிமென்ட் தரையில் உருட்டிவிட்டேன். நேந்திரம்பழத்தை உருட்டினது மாதிரி எகிறி எகிறிப் போய் நின்றது. வளைத்துச் செய்ததாம், நான் கண்டுபிடித்தது!

எடுத்துத் திருப்பிய மாமா ஓரிடத்தில் நிறுத்தினார். திருகு மரையை ஒட்டி ஒரு கீறல். நகத்தை வைத்தார். நகம் உள்ளே இறங்கியது.

"இது முறிஞ்சா?"

"ஸ்டீரிங் சுத்தும். சக்கரம் கேக்காது."

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பின்னால பொம்பளைய இருந்தாவோ" என்றார். பிறகு மறுபடி அதையே சொன்னார். எனக்குப் பழையகாயல் நேர்ச்சாலையும் எதிரே வந்த டிரெய்லர் லாரிகளும் ஞாபகத்துக்கு வந்தன.

லூர்தம்மா மீன் செதிலோடு அப்படியே எழுந்து வந்தார். நான் கம்பியைக் காட்டிச் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. பிறகு தம்பி மேல் பாய்ந்தார்.

"ஏலே, ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னா என்ன?"

"நீதான சொன்ன, அம்மா மேல கயிறு படப்புடாதுன்னு!"

"படப்புடாதுன்னேன். இந்தக் கம்பியில கட்டுன்னா சொன்னேன்?"

"வேற எங்கன கட்ட? உன் கொண்டையிலயா?"

ஜெனிட்டா என் காதில் சொன்னாள்: மாமாவின் வள்ளம் கவிழ்ந்து அவர் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தபோது அம்மா நேர்ந்துகொண்டதுதான் அந்த மாதா. தம்பிக்காக வைத்தது.

லூர்தம்மா கம்பியின் கீறலில் தன் விரலையும் வைத்துப் பார்த்தார். "அம்மாவ அங்கன இருந்து எடுக்க மாட்டேன். அது நடக்காது" என்றார். எடுக்க வேண்டாம் என்றேன். என் மூளை அதற்குள் வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலமே ஜெனிட்டாவும் நானும் பஸ் பிடித்துத் தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அதே மாதிரி வண்டியின் நல்ல டை ராடு ஒன்றைத் தேடி எடுத்தோம். அதைப் பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் மறுத்தார். "கம்பிக்கு டிக்கெட் எடுத்தா உக்கார வைக்கிறேன்" என்று கிண்டல் செய்தார். எடுத்தேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். ஞாயிறு காலை கம்பியை மாட்டி, தங்கூசியில் அளந்து, மெதுவாக வண்டியைக் காயல்பட்டினத்துக்கு ஓட்டினோம். மற்ற ஊர்ப் பட்டறையெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றிலும், வெள்ளிக்கிழமை விடுமுறை விடுகிற அங்கே திறந்திருக்கும். வெல்டிங் பாய் நான் வரைந்து காட்டியதைப் பார்த்துத் தலையாட்டினார். வண்டிச் சட்டத்தின் இரண்டு முன்முனையிலும் முனைக்கொரு கொக்கி. இரண்டிலிருந்தும் கயிறு கிளம்பி வெகு முன்னால் போய் ஒன்றாகச் சேரும், கவட்டை மாதிரி. நடுவில் மாதா, கயிறு இரண்டு பக்கமும் விலகிப் போகும். பிறகு அவர், "இழுக்கும்போது நடுவுல நெருங்கி வந்துராதா?" என்று கேட்டார். கயிறு எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். எனக்கும் அது இன்னும் தெரியாது. இருந்தாலும் இரண்டு கொக்கியையும் பற்றவைத்துக் கொடுத்தார்.

நாங்கள் திரும்பியபோது ஏரல் டிரைவர் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். லூர்தம்மா அவருக்குக் காப்பி கொடுத்தார், சாவி கொடுக்கவில்லை. "நாளைக் கழிச்சு வா. நாளைக்கு ஒரு காரியம் பாக்கணும்" என்று அனுப்பிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, அந்தக் காரியம் என்ன என்று சொன்னார்.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே நள்ளிரவு கழிந்து கடலுக்குப் போய், திங்கள் காலை கரைக்கு வரும் முதல் வள்ளம்தான் சோதனை. கவட்டைக் கயிற்றை மூன்று நீளத்தில் அறுத்து வைத்திருக்கிறேன். முடிச்சை லூர்தம்மாதான் போடப் போகிறார், வேறு யாரையும் தொடவிட மாட்டாராம். கயிறு விறைத்து நிற்கும்போது அதற்கும் மாதாவுக்கும் நடுவில் தன் கையை வைத்துப் பார்ப்பார். கை தாராளமாகப் போய் வந்தால் சகாயம் மாமா இழுக்கலாம். இழுத்து முடித்ததும் மணலிலேயே நான் அளப்பேன். அளவு மாறாமல் இருந்தால், மீன் பெட்டிகளையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு அவரே தூத்துக்குடிக்கு ஓட்டிப் போவார்.